சேப்பாக்கத்தில் ஓர் இருக்கை: ஊரை யார் தேர்வு செய்கிறார்கள், விலையை யார் வைக்கிறார்கள்?

சென்னையில் இந்திய அணி ஆடப்போகிறது என்ற செய்தி வந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "டிக்கெட் எவ்வளவு?" என்பது ஒன்று. "ஏன் எப்பப் பார்த்தாலும் மெட்ராஸ்லயே வைக்கிறாங்க?" என்பது இன்னொன்று. திருக்கோகர்ணம் போன்ற ஊரில் வாழ்பவர்களுக்கு இரண்டும் ஒரே கேள்விதான். புதுக்கோட்டையிலிருந்து சேப்பாக்கம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர். ரயில், சாப்பாடு, ஒருநாள் கடையை மூடினால் போகும் வருமானம் எல்லாவற்றையும் டிக்கெட்டில் அச்சிட்ட தொகையோடு கூட்டினால்தான் நமக்கு ஆகும் உண்மையான செலவு தெரியும்.

விளையாட்டை நேரில் சென்று பார்ப்பதன் மார்க்க வரம்புகள் தனியாகப் பேச வேண்டியவை. அதை இங்கே எடுக்கவில்லை. ஒரு சர்வதேசப் போட்டி எந்த ஊருக்குப் போகிறது, அங்கே ஓர் இருக்கைக்கு என்ன விலை என்பது எப்படி முடிவாகிறது, அதில் சாதாரணக் குடும்பத்துக்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம்.

ஊர் எப்படி முடிவாகிறது?

எந்த அணி எந்த நாட்டுக்கு எந்த ஆண்டு போகும் என்பது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் பல ஆண்டு அட்டவணையில் வரும். அந்த நாட்டுக்குள் எந்த ஊர் என்பதை உள்நாட்டு வாரியம் முடிவு செய்யும். இந்தியாவில் அது பிசிசிஐ. அதன் உறுப்பினர்கள் மாநிலக் கிரிக்கெட் சங்கங்கள். தகுதியான மைதானம் வைத்திருக்கும் சங்கங்களுக்கு முறைவைத்துப் போட்டிகளைத் தருவது வாரியத்தின் நீண்டகால வழக்கம்.

இந்த முறைக்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. 2015-ல் ராஞ்சி, இந்தூர், புனே, ராஜ்கோட், விசாகப்பட்டினம், தர்மசாலா ஆகிய ஆறு ஊர்களுக்கு டெஸ்ட் மைதானத் தகுதி கொடுக்கப்பட்டது. பெருநகரத்தில் இல்லாதவர்களும் டெஸ்ட் பார்க்கட்டும் என்பது நல்ல எண்ணம். ஆனால் அவற்றில் சில ஊர்களில் டெஸ்டுக்குக் கூட்டம் சேரவில்லை. 2019 அக்டோபரில் அன்றைய கேப்டன் விராட் கோலி, டெஸ்டுக்கென்று ஐந்து நிலையான மைதானங்கள் போதும் என்று வெளிப்படையாகச் சொன்னார். வரும் அணிக்கு எங்கே ஆடப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். விளையாட்டு வீரரின் கோணத்தில் அது சரி. ஆனால் ஐந்து ஊர் என்றால் நாட்டின் பெரும்பகுதி மக்களுக்குத் தொலைக்காட்சிதான் என்றாகிவிடும்.

மைதானம் வாய்ப்பை இழப்பது எதனால்?

முறை வந்துவிட்டதாலேயே போட்டி உறுதியாகிவிடாது. முதல் காரணம் ஆடுகளம். 2009 டிசம்பர் 27 அன்று டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் இந்தியா-இலங்கை ஒருநாள் போட்டி, ஆடுகளம் ஆபத்தானது என்று பாதியில் கைவிடப்பட்டது. ஐசிசி அந்த மைதானத்துக்கு ஓராண்டு தடை விதித்தது. அடுத்தது வடிகால். 2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடக்கவிருந்த ஆப்கானிஸ்தான்-நியூசிலாந்து டெஸ்டில் ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. சொந்த நாட்டில் ஆட முடியாத ஆப்கன் அணி, அடுத்தவர் தரும் மைதானத்தை நம்பி நிற்பதால் வந்த இழப்பு அது.

மூன்றாவது காரணம் கட்டட அனுமதி. இதற்கு நம் சேப்பாக்கமே உதாரணம். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்துக் கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் அனுமதிச் சிக்கலில் சீல் வைக்கப்பட்டன. சுமார் 12,000 இருக்கைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. இடையில் ஓரிரு போட்டிகளுக்கு மட்டும் நீதிமன்ற அனுமதியோடு திறந்தார்கள். 2019-ல் சென்னையில் நடக்க வேண்டிய ஐபிஎல் இறுதிப்போட்டி இந்தக் காரணத்தாலேயே ஹைதராபாத்துக்குப் போனது. பின்னர் அந்தக் கேலரிகள் திறக்கப்பட்டு, 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான புதிய கேலரியும் சேர்ந்த பிறகு இன்று சுமார் 38,000 பேர் அமர முடிகிறது.

நான்காவது பாதுகாப்பு. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, அகமதாபாத்திலும் மும்பையிலும் நடக்க வேண்டிய இங்கிலாந்து டெஸ்டுகள் சென்னைக்கும் மொகாலிக்கும் மாற்றப்பட்டன. சச்சின் சதமடித்து 387 ரன்னைத் துரத்தி வென்ற சேப்பாக்கம் டெஸ்ட் அப்படி வந்ததுதான். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் அங்கே நடக்கவிருந்த மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நவி மும்பைக்குப் போயின.

ஐந்தாவது அரசியல். 2013-ல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆட முடியாமல் போனதை நாம் அறிவோம். இந்தியா-பாகிஸ்தான் உறவால் 2025 சாம்பியன்ஸ் டிராபியைப் பாகிஸ்தான் நடத்தினாலும் இந்திய ஆட்டங்கள் துபாயில் நடந்தன. லாகூர் மக்கள் தங்கள் ஊரில் எதிர்பார்த்த இறுதிப்போட்டியும், இந்தியா முன்னேறியதால், துபாய்க்குப் போயிற்று. அரசுகளுக்கிடையிலான சிக்கல் எதுவாக இருந்தாலும் அதில் டிக்கெட் வாங்குகிற பார்வையாளரின் கருத்தை யாரும் கேட்பதில்லை.

டிக்கெட்டுக்காக எழுந்த மைதானம்

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் வெளியே தெரியாத இன்னொரு காரணம், 'ஓசி பாஸ்' யாருக்கு எத்தனை என்ற சண்டை.

மும்பையில் ஒருகாலத்தில் டெஸ்ட் போட்டிகள் பிராபோர்ன் மைதானத்தில் நடந்தன. அது கிரிக்கெட் கிளப் ஆப் இந்தியாவுக்குச் சொந்தம். போட்டியை நடத்தும் பம்பாய் கிரிக்கெட் சங்கத்துக்கு எத்தனை டிக்கெட் தருவது என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. சங்கம் சற்றுத் தள்ளிச் சொந்தமாக மைதானம் கட்டிக்கொண்டது. 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுடன் முதல் டெஸ்ட் நடந்த வான்கடே மைதானம் அதுதான்.

2018-லும் இதே கதை. உச்ச நீதிமன்றம் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பின் வந்த புதிய விதிப்படி 90 விழுக்காடு இருக்கைகள் பொது விற்பனைக்குப் போக வேண்டும், இலவச பாஸ் 10 விழுக்காடு மட்டுமே. இந்த 10-ல் வாரியத்துக்கு எவ்வளவு, மாநிலச் சங்கத்துக்கு எவ்வளவு என்பதில் இந்தூரில் உடன்பாடு ஏற்படவில்லை. அக்டோபர் 24 அன்று நடக்க வேண்டிய மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் போட்டி விசாகப்பட்டினத்துக்குப் போனது. கோலி 10,000 ரன்னைத் தாண்டியதும், ஆட்டம் டையில் முடிந்ததும் அந்தப் போட்டியில்தான். இந்தூர் மக்கள் அதை இழந்தது இலவச பாஸ் தகராறால்.

பொதுமக்களுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு சுருங்க முடியும் என்பதற்கு 2011 உலகக் கோப்பை இறுதிப்போட்டியைச் சொல்லலாம். வான்கடேயின் சுமார் 33,000 இருக்கைகளில் பொது விற்பனைக்கு வந்தவை ஏறத்தாழ 4,000. மற்றவை ஐசிசி, கிளப்புகள், விளம்பரதாரர்கள், சங்கத்தினர் என்று முன்பே பங்கு போடப்பட்டிருந்தன. எனவே 'டிக்கெட் விற்றுத் தீர்ந்தது' என்ற செய்தியைப் பார்க்கும்போது, விற்பனைக்கு வந்தது எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

விலை எப்படி வைக்கப்படுகிறது?

இரு நாட்டுத் தொடர்களில் டிக்கெட் விலையை வைப்பதும் அந்த வருவாயை எடுப்பதும் மாநிலச் சங்கம். ஒளிபரப்பு உரிமைப் பணம் வாரியத்துக்கு. உலகக் கோப்பை போன்றவற்றில் ஐசிசியும் நடத்தும் வாரியமும் சேர்ந்து விலையை முடிவு செய்கின்றன.

2023 முதல் 2028 வரை இந்தியாவில் நடக்கும் 88 போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை 5,963 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒரு போட்டிக்கு ஏறத்தாழ 67.8 கோடி. சேப்பாக்கத்தின் 38,000 இருக்கைகளும் தலா 1,500 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டாலும் 5.7 கோடிதான் வரும். டிக்கெட்டை நம்பித்தான் கிரிக்கெட் நடக்கிறது என்ற காலம் மலையேறிவிட்டது என்பதை இந்தக் கணக்கே காட்டும். அந்தக் கோடிகளைத் தருபவர்கள் நிறைந்த மைதானத்தைத்தான் திரையில் காட்ட விரும்புகிறார்கள்.

அப்படியிருந்தும் விலை ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த வங்கதேச டெஸ்டுக்கு மிகக் குறைந்த டிக்கெட்டே 1,000 ரூபாய். 2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்க டெஸ்டுக்கு ஒருநாள் டிக்கெட் 60 ரூபாயில் தொடங்கியது. ஐந்து நாளுக்கும் சேர்த்து 300. ஈடன் கார்டனில் இருக்கைகள் அதிகம், சேப்பாக்கத்தில் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் வித்தியாசம் முழுவதையும் அது விளக்காது. விலை என்பது சங்கத்தின் விருப்பத் தேர்வு.

ஐசிசியும் அண்மையில் குறைந்த விலையின் பக்கம் வந்திருக்கிறது. 2025 மகளிர் உலகக் கோப்பையின் முதற்கட்ட விற்பனையில் இந்தியாவில் நடந்த லீக் ஆட்டங்களுக்கு டிக்கெட் 100 ரூபாயில் தொடங்கியது. 2026 ஆடவர் டி20 உலகக் கோப்பைக்கு இந்தியாவில் 100 ரூபாய், இலங்கையில் 1,000 இலங்கை ரூபாய் என்று அறிவித்தார்கள். சென்னையும் அதற்குத் தேர்வான ஊர்களில் ஒன்று.

மிகை விலை நடத்துபவரையே திருப்பி அடிக்கும். 2024-ல் லண்டன் லார்ட்ஸில் இலங்கை டெஸ்டின் நான்காம் நாளுக்கு 100 பவுண்டுக்கு மேல் விலை வைத்தார்கள். சுமார் 31,000 பேர் அமரும் இடத்தில் ஏறத்தாழ 9,000 பேரே வந்தார்கள். கிரிக்கெட் இருக்கை காலையில் பறித்த கீரை மாதிரி. அன்றே விற்காவிட்டால் மறுநாள் அதற்கு மதிப்பில்லை.

வரியும் கவனிக்க வேண்டியது. சர்வதேசப் போட்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு நிகழ்ச்சிகளில் 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு மேல் 18 விழுக்காடு. ஐபிஎல் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. ஆகவே 500-க்குள் விலை வைத்தால் குடும்பத்துக்கு வரிச் சுமையும் இல்லை.

வரிசையில் போன உயிர்கள்

டிக்கெட் குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1967 புத்தாண்டு நாளில் ஈடன் கார்டனில் அளவுக்கு மேல் டிக்கெட் விற்றதால் உட்கார இடமில்லாத கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. தடியடி, தீவைப்பு, அன்றைய ஆட்டம் ரத்து. 1969 டிசம்பரில் அதே மைதானத்தில் ஆஸ்திரேலிய டெஸ்ட் டிக்கெட்டுக்கான நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் ஹைதராபாத் ஜிம்கானா மைதானத்தில் டிக்கெட் வரிசையில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் காயமடைந்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும், எத்தனை டிக்கெட் இருக்கிறது என்று தெரியாமல் மக்களை வரிசையில் நிற்கவைக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

இணைய விற்பனை வந்த பிறகு நெரிசல் குறைந்தது. ஆனால் கள்ளச்சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சில நிமிடங்களில் 'தீர்ந்துவிட்ட' டிக்கெட், மாலையில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு விலையில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

ஃபிக்ஹு நூல்கள் இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்கின்றன. வாங்குபவரும் விற்பவரும் மனமொப்பிச் செய்யும் வணிகத்தில் விலையைச் சந்தை தீர்மானிக்கும், ஆட்சியாளர் எளிதில் தலையிடக் கூடாது. பொருளை முடக்கிவைத்துத் தட்டுப்பாட்டை உண்டாக்கி விலையேற்றுவது வேறு. அது 'இஹ்திகார்' எனும் பதுக்கல். சட்ட மேதைகள் இதைப் பெரும்பாலும் உணவுப் பொருளை வைத்தே பேசினார்கள். கிரிக்கெட் டிக்கெட் உணவு அல்ல, அது இல்லாமல் வாழ முடியும். ஆனாலும் மொத்தமாக வாங்கி மறைத்து, ஒரு பிள்ளையின் ஆசையைக் காசாக்கும் வேலை அந்தக் குணத்தைச் சேர்ந்ததே. "சும்மா நாலு டிக்கெட் வாங்கிப் போட்டால் நல்ல காசு" என்று நம் இளைஞர்கள் இறங்கிவிடக் கூடாது.

மைதானம் மக்களைத் தேடி வந்தால்

போட்டி இடம்பெயர முடியும் என்பதற்கு நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த சாட்சி ஷார்ஜா. 1984 ஏப்ரலில் ஆசியக் கோப்பையோடு அங்கே ஒருநாள் போட்டிகள் தொடங்கின. நடத்தியவர் அப்துர் ரஹ்மான் புகாதிர் என்ற அரபுத் தொழிலதிபர். அமீரகத்துக்கென்று அன்று பெயர் சொல்லும் அணி கிடையாது. ஆனால் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசத்திலிருந்து பிழைக்கப் போன லட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள். மியான்தத் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்த 1986 ஏப்ரல் 18 இறுதிப்போட்டி நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே அன்று வார விடுமுறை. பார்வையாளர் எங்கே இருக்கிறார், எந்த நாளில் அவரால் வர முடியும் என்று யோசித்து நடத்தியதால் பாலைவன ஊர் கிரிக்கெட் ஊரானது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை இளையோர் ஆடவர் ஹாக்கி உலகக் கோப்பை தமிழ்நாட்டில் நடந்தது. 24 அணிகள். சென்னையோடு மதுரையிலும் ஆட்டங்கள். இந்திய அணியே ஓர் ஆட்டத்தை மதுரையில் ஆடியது. பார்வையாளருக்கு அனுமதி இலவசம். புதுக்கோட்டையிலிருந்து நூற்றுச்சொச்சம் கிலோமீட்டரில், காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் தூரத்தில், உலகக் கோப்பை ஆட்டம்.

கிரிக்கெட்டிலும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் நத்தம், சேலம், கோவை, திருநெல்வேலி மைதானங்களில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. மதுரையில் புதிய மைதானம் ஒன்றை 2025 அக்டோபரில் தோனி திறந்துவைத்தார். சர்வதேசப் போட்டிக்கு விமான நிலையம், தங்கும் விடுதிகள், மின்னொளி, மருத்துவ வசதி எல்லாம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் எல்லாப் போட்டியும் இந்தியா-ஆஸ்திரேலியா போட்டி அல்ல. மகளிர் ஆட்டங்கள், 'ஏ' அணி ஆட்டங்கள், இளையோர் தொடர்களைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுவரத் தொடங்கலாம்.

நாம் என்ன கேட்கலாம்?

சேப்பாக்கம் மைதானம் இருப்பது அரசு குத்தகைக்கு விட்ட நிலம். அதற்கும் முந்தி, ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த வெளி. பொதுச் சொத்தில் நடக்கும் விளையாட்டை நடத்துவோரிடம் இருப்பது ஓர் அமானிதம். அந்த உரிமையில் மூன்று கோரிக்கைகளை மரியாதையாக வைக்கலாம்.

ஒன்று, ஒவ்வொரு சர்வதேசப் போட்டியிலும் ஒரு குறிப்பிட்ட பங்கு இருக்கைகள் 500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டு, மொத்த இருக்கை எத்தனை, பொது விற்பனைக்கு எத்தனை, பாஸ் எத்தனை என்பதை விற்பனைக்கு முன்பே வெளியிட வேண்டும். மூன்று, ஆண்டுக்கு ஒரு சர்வதேச ஆட்டமாவது, மகளிர் ஆட்டமானாலும் சரி, சென்னைக்கு வெளியே நடக்க வேண்டும்.

கேட்டால் நடக்குமா என்று தோன்றலாம். 2018-ல் கொச்சியில் கால்பந்துக்காகப் போட்ட புல்தரையைக் கிளறிக் கிரிக்கெட் நடத்தப் போகிறார்கள் என்றபோது கால்பந்து ரசிகர்கள் எதிர்த்துப் பேசினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுடனான அந்த ஒருநாள் போட்டி திருவனந்தபுரத்துக்கு மாறியது. பார்வையாளர்கள் சேர்ந்து பேசினால் மைதானமே மாறும் என்பதற்கு அது பக்கத்து மாநிலத்துச் சான்று.

அதுவரை, போக விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு. நால்வருக்கு 1,000 ரூபாய் வீதம் டிக்கெட் மட்டும் 4,000. பயணமும் சாப்பாடும் சேர்ந்தால் பல வீடுகளில் அது ஒரு மாத மளிகைச் செலவு. கடன் வாங்கிப் போக வேண்டிய காரியம் அல்ல. மகளிர் ஆட்டமோ டிஎன்பிஎல் ஆட்டமோ மிகக் குறைந்த செலவில் அதே மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்குத் தரும். சங்கம் அறிவித்த தளத்தில் மட்டும் வாங்குங்கள், முகம் தெரியாதவருக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பாதீர்கள். பகலிரவு ஆட்டத்துக்குப் போவோர் அஸரையும் மஃரிபையும் எங்கே தொழுவது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் மைதானத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனால் வெளியே வந்தவரை மீண்டும் உள்ளே விடுவார்களா என்பதை நுழையும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.